டிடிசிபி அப்ரூவல் கிடைச்சாச்சு... ஆனா ஊருக்குத் திட்டம் எங்கே? கிராம நிலப் பயன்பாட்டில் உள்ள சிக்கல் என்ன?

நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பினால் போதும். நேற்று வரை நெல் விளைந்த வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள், முகப்பில் ஒரு ஆர்ச், ‘டிடிசிபி, ரெரா அப்ரூவ்டு’ என்று ஒரு பேனர். நகரத்தில் வீடு வாங்க முடியாத இளைஞர்களுக்கு இது சொந்த மனைக் கனவு. விற்ற விவசாயிக்குக் கடன் அடைந்த நிம்மதி. எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

அந்த அனுமதி ஒரு மனைப்பிரிவைத்தான் பார்க்கிறது, ஊரைப் பார்ப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது அனுமதி தருவது யார்?

ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்து இருந்தாலே ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று விளம்பரம் செய்து மனை விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அமலுக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் தனி விதிகள் வந்தன.

இன்று புதிய மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அதன் பிறகுதான் ஊராட்சி இறுதி அனுமதி தரும். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதில் மாவட்ட ஆட்சியருக்கும் பங்கு உண்டு. சாலை அகலம் சரியா, பூங்காவுக்கு இடம் விட்டாச்சா, போகும் வழி இருக்கா என்றெல்லாம் பார்ப்பார்கள். தேவையான சோதனைதான். வாங்குபவருக்கு இது நல்ல பாதுகாப்பும்கூட.

அப்படின்னா எது விடுபடுது?

தமிழ்நாட்டின் ஏரிப் பாசன ஊர்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேட்டில் புன்செய், அதற்குக் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை. மழைநீர் மேட்டிலிருந்து ஓடைகள் வழியாக ஏரிக்கு வரும். ஏரி நீர் மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி வயலுக்கு வயல் போகும். இந்தத் தண்ணீருக்குச் சர்வே எண் தெரியாது.

நடுவில் 3 ஏக்கர் மனைப்பிரிவாகிறது. லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்குகிறார்கள். பத்திரத்தில் உள்ள வாய்க்கால் புறம்போக்கை யாரும் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வயலுக்கு வயல் பாய்ந்த தண்ணீருக்கு இப்போது வழியில்லை. மழைக்காலத்தில் மேல்வயலில் தண்ணீர் தேங்குகிறது, கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. இரண்டு போகம் பொய்த்தால் கடைமடை விவசாயியும் புரோக்கருக்கு போன் போடுவார். இப்படி ஒவ்வொரு மனைப்பிரிவும் அடுத்ததற்குப் பாதை போடுகிறது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் ஊரின் பாசனம் உடைந்திருக்கும்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சியின் கைக்கு வரும். அதன் பிறகு தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை, சாலைப் பராமரிப்பு எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. 100 மனையில் 10 வீடுதான் வந்திருக்கிறது என்றால், வீட்டு வரி 10 வீட்டுக்குத்தான் வரும். விளக்கோ எல்லாத் தெருவுக்கும் எரிய வேண்டும்.

ஊராட்சியே ஏன் திட்டம் போடக் கூடாது?

இங்கே அரசியல் சாசனத்திலேயே ஒரு சுவாரசியமான இடைவெளி இருக்கிறது. நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் ‘நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதல்’ நேரடியாகவே இடம்பெற்றுள்ளது. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் விவசாயம், நில மேம்பாடு, சிறுபாசனம், ஊரக வீட்டுவசதி என 29 பொருள்கள் உள்ளன. ஆனால் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்ற பொருள் இல்லை.

பெருநகரத் திட்டமோ முழுமைத் திட்டமோ உள்ள பகுதியில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, ஏராளமான கிராமங்கள் அந்த எல்லைக்குள் வந்தன. அந்தக் கிராமங்களுக்கு வரைபடம் வரும். ஆனால் அதை வரைவது நகரத்தின் தேவையை மனதில் வைத்து. எந்தத் திட்ட எல்லைக்குள்ளும் வராத கிராமங்களுக்கு அதுகூடக் கிடையாது. அவற்றிடம் சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, புல வரைபடம் எல்லாம் உண்டு. நிலம் யாருடையது, இன்று அதில் என்ன இருக்கிறது என்பதை இவை சொல்லும். நாளை அங்கே என்ன வரலாம் என்று சொல்லாது.

மத்திய ஊராட்சி அமைச்சகம் 2021-ல் கிராமங்களுக்கான இடஞ்சார் திட்டமிடல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. அதை மீறினால் கேட்க ஆளில்லை.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள்?

கேரளம் 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் கொண்ட உள்ளூர்க் குழு, ஊரில் உள்ள நெல்வயல்களைப் பட்டியலிட்டு ‘டேட்டா பேங்க்’ தயாரிக்க வேண்டும். பட்டியலில் உள்ள வயலை நிரப்ப முடியாது. வேறு நிலமே இல்லாத உரிமையாளர் சொந்த வீடு கட்ட, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை விலக்கு கேட்கலாம்.

இதிலும் சிக்கல் வந்தது. வயலே அல்லாத நிலமும் பட்டியலில் ஏறிவிட, அதை நீக்கக் கோரி விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலில் வராத நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்ற 2018-ல் வழி திறக்கப்பட்டது. வரைபடம் தப்பாக இருந்தால் சட்டமும் தப்பாகத்தான் வேலை செய்யும் என்பது இதில் கிடைக்கும் பாடம். ஆனாலும் ஒரு அடிப்படை மாறியது: ‘இந்த வயல் வயலாகவே இருக்கணுமா?’ என்ற கேள்வி, புரோக்கர் வருவதற்கு முன்பே ஊருக்குள் கேட்கப்பட்டது.

விவசாயிக்கு நியாயமா இது?

இதுதான் கடினமான கேள்வி. பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு நிலம்தான் ஒரே சேமிப்பு. மகள் திருமணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் விற்பதற்கு இருப்பது அதுதான். ‘விவசாய மண்டலம்’ என்று வரைபடத்தில் பச்சை அடித்தால் அந்த நிலத்தின் விலை இறங்கும். அடுத்த சர்வே எண்ணுக்கு ‘குடியிருப்பு’ என்று வந்தால் அதன் விலை ஏறும். யாருக்கு எது என்று மேலே இருப்பவர்கள் ரகசியமாக முடிவு செய்தால், அது ஊழலுக்கான வாசல். நெல் கட்டுப்படியாகாத வரை, பச்சை பெயின்ட் மட்டும் எந்த வயலையும் காப்பாற்றாது.

அதனால் திட்டம் ஊர் முன்னால் போடப்பட வேண்டும். ஓடை, வாய்க்கால், ஏரி நீர்ப்பிடிப்பு, மேய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டு, நத்தத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஊர் வளர இடம் ஒதுக்கலாம். மனைப்பிரிவு அங்கே வந்தால் சாலையும் குடிநீரும் ஊராட்சிக்கு மலிவு, வாங்குபவருக்கும் வசதி.

எங்கே தொடங்குவது?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் நீர்வழிகளைப் புல வரைபடத்தில் குறித்து, அதைத் தீர்மானமாக நிறைவேற்றச் செலவு அதிகமில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தை டிடிசிபி தன் கோப்பில் பார்த்தே ஆக வேண்டும் என்று விதி வர வேண்டும். சட்டத்தில் செய்ய வேண்டிய முக்கியத் திருத்தம் அதுதான்.

28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அப்படிப்பட்ட காலத்திலும் மனைக்கற்கள் நடப்படுவது நிற்பதில்லை. மனை வாங்கப் போகிறவர்கள் அப்ரூவல் எண்ணோடு இன்னொன்றையும் கேட்கலாம்: மழை பெய்தால் இந்த இடத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பதில் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். அது இன்னும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.