ஹார்டும் ஹார்ட்லியும்

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று சில தனியார் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 32 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தமிழை வாசலில் நிறுத்திவிட்டு ஆங்கில இலக்கணம் நடத்துவது வீண் வேலை. அதிலும் அட்வெர்ப் இருக்கிறதே, நம் பாடப்புத்தகம் வினையடை என்று சொல்வது, அதைத் தமிழ் இல்லாமல் நடத்தினால் பிள்ளைகளுக்குப் பிழைப்பே கெட்டுவிடும்.

பிழைப்பு என்று சும்மா சொல்லவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பையன். டிப்ளமா முடித்தவன். காலையில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்டுப் பிறகுதான் காலேஜுக்குப் போவான், அப்படிப்பட்ட உழைப்பாளி. ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு அனுப்பிய விண்ணப்பத்தை என்னிடம் காட்டினான். "ஐ வொர்க் ஹார்ட்லி அண்ட் லேர்ன் ஃபாஸ்ட்லி" என்று இருந்தது. கடுமையாக உழைப்பேன், வேகமாகக் கற்றுக்கொள்வேன் என்று அவன் மனதில் அர்த்தம். படிக்கிறவனுக்கோ, "நான் வேலை செய்வதே அபூர்வம்" என்று அர்த்தம். நாலு இடத்துக்கு அனுப்பியிருந்தான். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. இந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையனைப் பற்றி அதைவிடப் பெரிய பொய் யாரும் எழுதியிருக்க முடியாது.

அவன் ஏன் அப்படி எழுதினான்? அட்ஜெக்டிவோடு 'லி' சேர்த்தால் அட்வெர்ப் என்று பள்ளியில் ஒரு வரி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழும் அதற்கு ஒத்துப்போகிறது. நமக்குக் கடுமையான உழைப்பு, கடுமையாக உழைத்தான். வேகமான பையன், வேகமாக ஓடினான். பெயருக்கு முன்னால் 'ஆன', வினைக்கு முன்னால் 'ஆக'. இரண்டு வேலைக்கு இரண்டு உருவம். ஆங்கிலத்தில் ஹார்ட், ஃபாஸ்ட், லேட் மாதிரி சில சொற்கள் ஒரே உருவத்தில் இரண்டு வேலையையும் பார்க்கும். அதை நம்பாமல் பையன் ஒரு 'லி' ஒட்டிவிடுகிறான். ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல்லே வழக்கில் இல்லை. ஹார்ட்லி, லேட்லி உண்டு, ஆனால் பொருள் வேறு. லேட்லி என்றால் தாமதமாக அல்ல, சமீபகாலமாக. இன்னொரு பக்கம் ஃப்ரெண்ட்லி, லவ்லி, காஸ்ட்லி எல்லாம் 'லி'யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்தான். ஆகவே வாலைப் பார்த்து மாட்டை அடையாளம் சொல்ல முடியாது. 'எப்படி' என்று கேட்டு, தமிழில் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

குட், வெல் தகராறையும் இப்படியே தீர்க்கலாம். "நல்ல பையன், நல்லா படிக்கிறான்." இதில் எந்தக் குழந்தையாவது நல்ல, நல்லா இரண்டையும் மாற்றிப் போடுமா? நல்ல வருகிற இடத்தில் குட், நல்லா வருகிற இடத்தில் வெல். முழுக்கப் பொருந்தாத இடங்களும் உண்டு, அதெல்லாம் பிற்பாடு வந்து சேரும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. மெதுவா மிதி, இழையைப் பதமா இழு, பாவு சீரா இருக்கா பாரு என்று நாள் முழுக்கக் காதில் விழுவது வினையடைதானே.

'ரொம்ப' ஒரு வில்லங்கமான சொல். வெரிக்கும் டூவுக்கும் நாம் அது ஒன்றையே வைத்திருக்கிறோம். ஒரு பட்டுக்கடையில் என் கண்ணால் பார்த்தது. வெளிநாட்டு அம்மா ஒருவர் முகூர்த்தப் புடவை ஒன்றைக் கையில் எடுத்தார். விற்பனைப் பையன் பெருமையோடு, "டூ ஹெவி மேடம்" என்றான். சரிகை நிறைந்து ரொம்ப கனமாக இருக்கிறது என்பது நம் ஊரில் புகழ்ச்சி. ஆங்கிலத்தில் டூ போட்டால், அளவுக்கு மீறிவிட்டது, உனக்குச் சரிப்படாது என்று பொருள். அந்த அம்மா புடவையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டோல் பக்கம் போய்விட்டார். பையனுக்குக் கடைசி வரை ஏன் என்று புரியவில்லை.

இப்போது ஒன்லி. "ஐ ஆம் ஃப்ரம் காஞ்சிபுரம் ஒன்லி." இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நிறைய. எனக்குச் சிரிப்பு வருவதில்லை, தொல்காப்பியர்தான் நினைவுக்கு வருகிறார். ஏகாரத்துக்கு அவர் ஐந்து பொருள் சொல்கிறார். அதில் பிரிநிலை ஒன்று, தேற்றம் ஒன்று. பிரிநிலை என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, தேற்றம் என்றால் உறுதியாகச் சொல்வது. நம்முடைய 'தான்' இரண்டு வேலையும் செய்கிறது. ஆங்கில ஒன்லிக்கோ இந்த மாதிரி இடத்தில் பிரிப்பது ஒன்றுதான் வேலை. "நான் காஞ்சிபுரம்தான்" என்பது தேற்றம். அதைப் பிரிநிலைச் சொல்லால் மொழிபெயர்ப்பதால்தான் விபரீதம். நேற்றே, இப்பவே என்பதெல்லாம் யெஸ்டர்டே இட்செல்ஃப், நௌ இட்செல்ஃப் ஆவதும் இதே ஏகாரத்தின் வேலை.

நான் வகுப்பில் சொன்ன வழி சுலபமானது. 'தான்' வருகிற இடத்தில் 'மட்டும்' போட்டுப் பார். பொருந்தினால் ஒன்லி போடு. பொருந்தாவிட்டால் ஒன்லியை விட்டுவிட்டுச் சொல்லை அழுத்திச் சொல். நான் காஞ்சிபுரம் மட்டும் என்று யாராவது சொல்வார்களா? ஒன்லியை எங்கே வைப்பது என்பதற்கும் அந்த மட்டுமே துணை. நான் மட்டும் புடவை வாங்கினேன், நான் புடவை மட்டும் வாங்கினேன். இரண்டுக்கும் கடைக்காரரிடம் பில் வேறு வேறு.

நம் காலத்தில் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் இல்லாத வீடு குறைவு. ரென் என்பவர் பம்பாயில் கல்வி அதிகாரியாக இருந்தவர், 'போ ஜெஸ்ட்' என்ற நாவலும் எழுதியவர். நல்ல புத்தகம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எழுதப்பட்டது இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் பிள்ளைகளுக்காக என்று சொல்வார்கள். அவர்களுக்கு ஹார்ட்லி எது, ஹார்ட் எது என்று வீட்டிலேயே தெரியும், பெயர் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். நம் பையனுக்கு எங்கே தடுக்கும் என்று தமிழ் தெரிந்த ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

நம் ஊர்க்காரரான அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் என்று முடிவு செய்தோம். அண்ணாவே தமிழில் 'திராவிட நாடு', ஆங்கிலத்தில் 'ஹோம்லேண்ட்' என்று இரண்டிலும் பத்திரிகை நடத்தியவர். பள்ளிக்கூடத்திலோ இரண்டு மொழியும் சண்டைபோட்ட பங்காளிகள் மாதிரி முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாம் பீரியடில் தமிழாசிரியர் உரிச்சொல் நடத்துவார், நாலாம் பீரியடில் ஆங்கில ஆசிரியர் அட்வெர்ப் நடத்துவார். ஒருவர் கரும்பலகையில் எழுதியதை அடுத்தவர் அழித்துவிட்டுத் தொடங்குவார். தமிழ் இலக்கணத்தில் பெயர், வினை, இடை, உரி என்று நாலுதான், ஆங்கிலத்தில் எட்டு. இந்த நாலுக்கும் எட்டுக்கும் கணக்கு எப்படி நேராகிறது என்று அரை மணி நேரம் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து நின்று சொன்னால் போதும், அபராத உண்டியல் தேவைப்படாது.

எதிர்த்துச் சொல்பவர்கள் உண்டு. தமிழில் யோசித்து ஆங்கிலம் பேசினால் சரளம் வராது என்பார்கள். பிள்ளை எப்படியும் தமிழில்தான் யோசிக்கப் போகிறது, ஐயா. நீங்கள் தடுத்தாலும் ஹார்ட்லி என்று எழுதிய கை தமிழில் யோசித்த கைதான். அந்த யோசனையை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தால் திருத்தலாம். உள்ளேயே வைத்திருந்தால் விண்ணப்பத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பையனுடைய விண்ணப்பத்தைத் திருத்தி எழுத வைத்தேன். இப்போது அவன் தம்பியும் தம்பியின் சிநேகிதர்கள் மூன்று பேரும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் ஒருவன் கேட்டான், "சார், மளமளன்னு நெய்தான் அப்படிங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" குவிக்லி என்று சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் திருப்தி இல்லை.