குறியீடு சொல்வதும் சொல்லாததும்

மோட்டார் வண்டியின் முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியக் கண்டு கலங்குவோர் பலர். கலங்க வேண்டியதில்லை, அசட்டையும் கூடாது. விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் மட்டும் வேகத்தைத் தணித்து, தக்க இடத்தில் உடனே நிறுத்துக. எரியாத பெற்றோல் புகைக்குழாயினுட் சென்று எரிந்து, புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கியைப் பாழாக்கிவிடும். அதன் விலையோ பெரிது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல், பழுதுகளுக்குப் பொதுவான குறியீடுகள் கட்டாயமாயின. சுக்கானுக்குக் கீழ்ப்புறமுள்ள 16 முனைப் பொருத்தியிற் கருவியை இணைத்தால் அவற்றை வாசிக்கலாம். பி 0301 எனின், முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதே பொருள். காரணம் பிளக்கா, கொயிலா, இன்செக்டரா என்பதை அது சொல்லாது. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். டெங்குவா தடிமனா என்று காட்டுமா? ஆயினும் குறியீட்டைக் கண்டதுமே மூன்றையும் மாற்றச் சொல்லும் பட்டறைகள் உள. குடும்பத்தின் மாதச் செலவுப் பணம் இங்கேதான் கரைகிறது.

சிலிண்டருக்கொரு கொயிலுள்ள எஞ்சினாயின், செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. எஞ்சினை நிறுத்தி நன்கு ஆறவிட்டு, முதலாம், இரண்டாம் சிலிண்டர்களின் கொயில்களை இடம் மாற்றுக. குறியீட்டை அழித்து, சிறிது தூரம் மெல்ல ஓட்டுக. இம்முறை பி 0302 தோன்றின், குற்றம் கொயிலோடு பெயர்ந்துவிட்டது, கொயிலே பழுது. பழைய குறியீடே வரின் பிளக்குகளையும் அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிடில் இன்செக்டர், காற்றுக் கசிவு, அமுக்கக் குறைவு ஆகியவற்றை மெக்கானிக் ஆராயட்டும்.

அழிக்குமுன் ஒன்று: பழுது நேர்ந்த வேளையில் வண்டியின் வேகம், எஞ்சினின் வெப்பம் முதலியன குறியீட்டுடன் பதிந்திருக்கும். அவற்றை எழுதிவைத்துக்கொள்க, அழித்தபின் அவை கிடையா.