திமிங்கிலத்தின் மூதாதைக்குக் கால் இருந்தது!

திமிங்கிலம் கடலில் வாழ்கிறது. ஆனால் அது மீன் அல்ல! குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மூச்சு விட நீருக்கு மேலே வருகிறது. அதன் உடலுக்குள் சிறிய இடுப்பு எலும்புகளும் இருக்கின்றன. நடக்கக் கால் இல்லாத பிராணிக்கு இடுப்பு எலும்பு எங்கிருந்து வந்தது? அதன் மூதாதையர் தரையில் நடந்தவர்கள்!

இதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே கிடைத்தது.

காஷ்மீரத்துக்குத் தெற்கே ரஜௌரி மாவட்டத்தில் காலாகோட் என்ற இடம் இருக்கிறது. அங்கே கிடைத்த பற்களையும் தாடை எலும்பையும் ஆராய்ந்தார், ரங்கராவ் என்ற இந்திய நிலவியல் நிபுணர். 1971-ல் அந்தப் பிராணிக்கு 'இண்டோஹையஸ்' என்று பெயர் வைத்தார். அவர் சேகரித்த பாறைகள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் காலமான பிறகு அவை தெவிசன் என்ற ஆராய்ச்சியாளரிடம் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே பாறையைச் சுத்தம் செய்தபோது ஒரு காது எலும்பு தவறி உடைந்துவிட்டது. அந்த உடைசல்தான் உண்மையைக் காட்டிக் கொடுத்தது! எலும்பின் உட்புறம் தடித்திருந்தது. திமிங்கிலத்தின் காது எலும்பும் அப்படித்தான்! 2007-ல் இது உலகுக்குத் தெரிந்தது. பூனை அளவு, மெலிந்த நான்கு கால்கள், வயது சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டு. அது திமிங்கிலத்தின் பாட்டன் அல்ல, நெருங்கிய பங்காளி. கால் உள்ள பழைய திமிங்கிலங்களின் எலும்புகளோ, குஜராத்தில் கட்ச் பகுதியில் கிடைத்திருக்கின்றன.

கால் ஒரே நாளில் மறையவில்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. நீரில் பிழைக்கத் தோதான உடல் வாய்த்தவை அதிகம் பிழைத்தன. அவற்றின் குட்டிகளே பெருகின. தலைமுறை தலைமுறையாக உடல் மாறியது. இதுதான் பரிணாமம். இதை 1859-ல் டார்வின் விளக்கி எழுதினார்.

"குரங்கு மனிதனானால், இன்றைய குரங்கு ஏன் மனிதனாகவில்லை?" என்று டீக்கடையில் மடக்குவோர் உண்டு. இன்றைய குரங்கும் நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளிதான். சித்தப்பா பிள்ளை நாமாக மாறவில்லையே என்று யாராவது கேட்பார்களா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியது பள்ளிக்கூடம். ஆனால் 2023-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. 10-ம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி இல்லை. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். அது நியாயமான ஆட்சேபம். பிள்ளைகளின் சுமையைக் குறைப்பது நல்லதுதான். இதுவா சுமை? 12-ம் வகுப்பில் இந்தப் பாடம் உண்டு என்கிறார்கள். அது உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும்தானே! 10-ம் வகுப்போடு நின்று வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் காலாகோட் பாறையின் கதையை யார் சொல்வது?