பாலர் பள்ளியிலிருந்து பாலத்துக்கு

காலை நிகழ்ச்சியில் நான் தினமும் சொல்வது ஜொகூர் பாலத்தின் நெரிசல் நிலவரம். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகிறவர்களில் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் உண்டு, தாதியர் உண்டு. நேற்றுவரை நம் பிள்ளைகளுக்கு ‘அ’னா எழுதக் கைபிடித்துக் கொடுத்த பாலர் பள்ளி ஆசிரியைகளும் உண்டு.

தமிழ்ப்பள்ளிகளுக்குள் நடக்கும் அரசாங்கப் பாலர் வகுப்புகளை நான் சொல்லவில்லை. அங்கிருப்பவர்கள் கல்வி அமைச்சின் ஆசிரியர்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய அரசு ஊழியர் சம்பள உயர்வு அவர்களுக்கும் சேரும். நான் சொல்வது கோயில் மண்டபத்திலும் தாமான் கடைவீட்டு மாடியிலும் நடக்கும் தனியார் தமிழ்ப் பாலர் பள்ளிகளை.

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2022இல் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. 

உயர்வு நல்லதுதான். ஆனால் அடித்தளம் உயர்ந்ததே தவிர, அதற்கு மேலே படிக்கட்டு இல்லை. பத்து ஆண்டு பாடம் நடத்தியவரும் போன மாதம் சேர்ந்தவரும் ஒரே 1,700இல் நிற்கும் நிலை. பாலர் பள்ளி ஆசிரியருக்கு டிப்ளோமா வேண்டும் என்று 2013இல் வந்த தேசியக் கல்விப் பெருந்திட்டம் சொல்கிறது. படிப்பு கேட்கிறோம், அதற்குத் தனி விலை வைக்கவில்லை.

நடத்துபவர்களைத் திட்டிப் பயனில்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். 20 பிள்ளைகள், மாதக் கட்டணம் தலைக்கு 150 என்றால் வரவு 3,000. இரண்டு ஆசிரியைகளின் சம்பளம் 3,400. முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, அது 442. வாடகைக்கு முன்பே பற்றாக்குறை! ஏழைப் பெற்றோருக்கு மித்ரா தரும் கட்டண உதவி பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருகிறது, ஆசிரியையைத் தங்கவைப்பதில்லை.

அந்தப் பக்கம் 1,800 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு வேலை கிடைத்தால், இங்கே 5,400 ரிங்கிட்டுக்கு மேல். மூன்று மடங்கு. வீட்டுக் கடன் இருக்கும் ஒரு பெண்ணிடம் சேவை மனப்பான்மை பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இழப்பு யாருக்கு? ஐந்து வயதுப் பிள்ளைக்கு. ஆண்டுக்கு இரண்டு முறை ‘டீச்சர்’ மாறினால், அது எழுத்துக்கு முன் முகத்தைத்தான் மறுபடி பழக வேண்டும். அந்தப் பிள்ளைதான் அடுத்து நம் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் உட்காரப்போகிறது. தமிழ்ப்பள்ளிக்கு மாணவர் குறைகிறார்கள் என்று கவலைப்படும் நாம், அதன் வாசற்படியைக் கவனிக்க வேண்டாமா?

சிங்கப்பூர்ச் சம்பளத்தோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் சேவை ஆண்டுக்கு ஏற்ற சிறு உயர்வு முடியும். மாதம் 400 ரிங்கிட் இருந்தால் இரு ஆசிரியைகளுக்கும் தலா 200 கூடக் கிடைக்கும். ஆண்டுக்கு 4,800. ஒரு கோயில் நிர்வாகமோ, வட்டாரச் சங்கமோ ஒரு பாலர் பள்ளியைத் தத்தெடுத்தால் போதும். விருந்து நிகழ்ச்சிக்கு மண்டபம் பிடிக்கும் செலவில் இது அடங்கிவிடும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டம் எப்போது? செலவுப் பட்டியலில் இதற்கு ஒரு வரி கேளுங்கள்.