எத்தனை கட்டம் வேண்டும்?

சத்தியமங்கலம் சாலையில் சரவணம்பட்டியைத் தாண்டிச் செல்கிறவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கட்டடங்களைக் காணாமல் போக முடியாது. அங்கே உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "இராப்பகலாக என்னதானுங்க செய்யறாங்க?" என்று நம்மைக் கேட்பதுண்டு. அவ்வேலையில் கடுகளவு விஷயம் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

இக்காலத்து யந்திரத்தில் கணக்குப் போடும் மூளை, அதாவது பிராஸஸர், ஒன்றல்ல; பற்பல. ஒரு புரோகிராம் அவற்றுள் எவற்றில் ஓடலாம் என்பதை நிர்ணயிப்பது, யந்திரத்தை நிர்வகிக்கும் கெர்னல். லினக்ஸ் என்னும் கெர்னலில் இதைக் கேட்டறியும் வசதி 2002-ஆம் ஆண்டில் வந்தது. கேட்கும் முறைதான் வேடிக்கை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு போலக் கட்டம் போட்ட வெற்றுத் தாளொன்றைப் புரோகிராம் நீட்ட வேண்டும். பிராஸஸருக்கு ஒரு கட்டம். அனுமதி உண்டானால் 1, இல்லையேல் 0 என்று கெர்னல் நிரப்பித் தரும்.

தாளில் எத்தனை கட்டம் வேண்டும்? அதை முன்கூட்டி ஒருவரும் சொல்வதில்லை. சி மொழி நூலகம் ஆயத்தமாக வைத்திருக்கும் தாளில் 1024 கட்டங்கள். பெரும்பாலோர் அதையே நீட்டுகிறார்கள். கெர்னலின் கணக்கு அதற்கு மேற்பட்டால், 'செல்லாத கோரிக்கை' என்று தாளைத் தொடாமலே திருப்பிவிடும். முதல் 1024-ஐ மட்டுமாவது எழுதித் தரலாகாதா? கூடாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முப்பது பேருக்கு வருகை போட்டுவிட்டு, 'வகுப்பே இவ்வளவுதான்' என்னும் உபாத்தியாயரை யார் ஒப்புவார்? ஆனால் எத்தனை கட்டம் வேண்டுமென்று சொல்லியாவது திருப்பலாமே! அந்தத் தாட்சண்யம் கெர்னலுக்குக் கிடையாது. வேறு சில பிழைகளுக்கும் அதே மறுமொழிதான்.

ஆதலின் விவரமறிந்தோர் 2048, 4096 என்று இரட்டித்துக்கொண்டே போகிறார்கள். தாள் போதுமானவுடன் கெர்னல் அதை நிரப்பி, எத்தனை பைட் எழுதினோம் என்பதையும் தெரிவிக்கிறது. பைட்டுக்கு எட்டுக் கட்டம். இடையில் நிற்கும் நூலகமோ அந்த எண்ணை விழுங்கிவிட்டு, வெறும் 0 என்கிறது! கெர்னலை நேரே கேட்பவருக்கே அது கிட்டும். கிட்டினாலும் அதைக் கொண்டு பிராஸஸர்களை எண்ணலாகாது. பின்னால் பொருத்தப்படக்கூடியவற்றுக்கும் கெர்னல் இடம் விட்டிருக்கும். எண்ண வேண்டியது 1 என்றுள்ள கட்டங்களையே.

1024 எங்கே, நாம் எங்கே என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. ஏ.எம்.டி. கம்பெனி 2024-இல் வெளியிட்ட எபிக் 9965 இரண்டைப் பொருத்திய ஒரே பெட்டியைக் கெர்னல் 768 பிராஸஸர்களாக எண்ண முடியும். இன்னும் கொஞ்ச தூரந்தான். பல வருஷங்களாக ஓடிவரும் புரோகிராம் ஒன்று, மில்லிலோ ஆஸ்பத்திரியிலோ, பெட்டியைப் புதிதாக மாற்றிய அன்று, தன்னில் ஓர் எழுத்தும் மாறாமலிருக்க, எழுந்திருக்கவே மறுக்கும். அந்த 1024-ஐ நம்பி எழுதியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நடுநிசியில் டெலிபோன் செய்து எழுப்புவது, சென்ற மாதம் சேர்ந்த பையனைத்தான்.