மகனைக் கேட்டு வந்தவர்

புனேயின் போபோடியிலிருந்து கட்கி கண்டோன்மெண்டைக் கடந்து முளா சாலைப் பக்கம் போனால் போர்க் கல்லறைத் தோட்டம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,668 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மேற்கு, மத்திய இந்தியாவில் ஆங்காங்கே கிடந்த கல்லறைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக உருவான தோட்டம் அது. கல்லின் அடியில் குடும்பத்தார் ஒரு வாசகம் பொறித்துக்கொள்ளலாம். அளவு, 60 எழுத்து. உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பணக்காரர் வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்பி, ஏழைப் பிள்ளை அந்நிய மண்ணில் கிடக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு முதல் உலகப் போரின்போதே முடிவு செய்திருந்தது. நியாயமான முடிவுதான். ஆனால் பெற்றவனுக்கு 60 எழுத்து எந்த மூலைக்கு?

மகனின் உடலைக் கேட்டு எதிரியின் கூடாரத்துக்கே போன தகப்பன் ஒருவன் உண்டு. கிரேக்கக் கவி ஹோமரின் 'இலியட்' மரக்குதிரையோடு முடிவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் குதிரைக் கதை அதில் இல்லவே இல்லை. ட்ராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸ், உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். கிழவரான மன்னர் பிரியம், கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் பொன்னையும் துணியையும் ஏற்றிக்கொண்டு இரவில் அவனிடம் போகிறார். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். தொலைதூரத்தில் தனக்காகக் காத்திருக்கும் தந்தை நினைவுக்கு வர, அக்கிலீஸும் அழுதுவிடுகிறான். உடல் கிடைக்கிறது. ஈமச் சடங்குக்காகப் 11 நாள் போர் நிறுத்தமும் கிடைக்கிறது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு தகப்பன் இருக்கிறார். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த திருதராஷ்டிரன், போர் முடிந்ததும் பீமனைத் தழுவக் கை நீட்டுகிறார். கண்ணன் இரும்புப் பதுமையை முன்னால் தள்ளுகிறான், அது நொறுங்குகிறது. பிரியத்தின் முத்தத்தைவிட அந்தத் தழுவல்தான் மனித சுபாவத்துக்கு நெருக்கமானது என்று தோன்றுகிறது. பிரியம் செய்தது அதனால்தான் இன்னும் எழுத்தாளர்களை விடாமல் இழுக்கிறது.

அயர்லாந்துக் கவிஞர் மைக்கேல் லாங்லி, 1994-ல் ஐ.ஆர்.ஏ. போர் நிறுத்தம் அறிவித்த வாரத்தில் இந்தக் காட்சியைக் கவிதையாக்கி வெளியிட்டார். ஆஸ்திரேலியரான டேவிட் மலூஃப் 2009-ல் ஒரு நாவலே எழுதினார். அதில் அவர் செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. ஹோமரில் வண்டியை ஓட்டுபவன் அரசாங்கத் தூதன். மலூஃபோ சந்தையில் கூலிக்கு வண்டி ஓட்டும் ஒருவனைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். வழியில் ஓடையில் கால் நனைத்தபடி, மருமகள் சுட்டுக் கொடுத்த பணியாரத்தை மன்னருக்கு நீட்டுகிறான் வண்டிக்காரன். தான் பறிகொடுத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறான். ஐம்பது பிள்ளைகளைப் பெற்ற மன்னருக்கு, அவர்களில் ஒருவனைக்கூட இத்தனை கிட்டத்தில் அறிந்ததில்லை என்பது அங்கேதான் உறைக்கிறது. எதிரியிடம் போகுமுன் அவர் தகப்பனாக வேண்டியிருந்தது, கற்றுக்கொடுத்தவன் கூலிக்காரன்.

இந்தியாவிலும் 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே தகனம் செய்தார்கள். வீட்டுக்குத் தந்தி வந்தது. 1999 கார்கில் போரில்தான் தேசியக் கொடி போர்த்திய பெட்டிகள் பரவலாகக் கிராமங்களுக்கு வந்தன. தந்தியை மடித்து வைத்துக்கொண்ட முந்தைய தலைமுறைத் தகப்பன்மார் சிலர், பக்கத்து ஊருக்கு வந்த பெட்டியைப் பார்க்கப் போயிருக்கக்கூடும்.