சமரசம் பேசும் அதிகாரம் நமக்கு இல்லை



பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆசிரியரால் பாலியல் தொல்லை நேர்ந்துவிட்டது என்ற பேச்சு கசிந்தால், நம் டெல்டா கிராமங்களில் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததே. முதலில் தாய் அறிவாள். அவள் அழுவாள். பிறகு பெரியப்பாவோ மாமனோ அறிவார். "பொம்பளப் புள்ள விஷயம், வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்று யாராவது ஒருவர் சொல்வார். இரண்டு நாளில் ஊர்ப் பெரியவர்கள் சிலர், ஆசிரியருக்கு வேண்டியவர்கள் சிலர் என்று திண்ணையில் கூடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் பங்குத்தந்தை இல்லத்துக்கும் வருவார்கள். "சாமி, நீங்க ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சு வச்சிடுங்க" என்பார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே நம்புகிறார்கள். ஆனால் இப்படிப் 'பேசி முடிப்பது' சட்டப்படி செல்லாது. அதைச் செய்து வைக்கும் அதிகாரம் ஊருக்கும் இல்லை, பள்ளிக்கும் இல்லை, பங்குத்தந்தைக்கும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாக்குகிறது. 2022 ஜனவரியில் ராஜஸ்தான் மாநிலம் கங்காபூர் நகரில், அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவி புகார் செய்தாள். வழக்கு பதிவானது. சில நாட்களிலேயே, தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று குடும்பத்தார் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் அந்தச் சமரசத்தை ஏற்று வழக்கையே ரத்து செய்தது. பெற்றோரே வேண்டாம் என்று சொன்ன பிறகு யார் கேட்பது? உறவினர் அல்லாத உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டார். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிபதிகள் சி.டி. ரவிக்குமார், சஞ்சய் குமார் இருவரும் உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து, வழக்கு தொடர்ந்து நடக்க வேண்டும் என்றார்கள். பள்ளிப் பிள்ளைக்கு இழைக்கப்படும் இத்தகைய குற்றம் இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான வழக்கு அல்ல, சமுதாயத்துக்கு எதிரான குற்றம், ஆகவே சமரசத்தைக் காட்டி அதை முடித்துவிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்த முத்திரைத்தாள் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் மாதச் சம்பளக்காரர், நாலு பேரைத் தெரிந்தவர். நம் பகுதி அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் குறுவைக்கும் சம்பாவுக்கும் விடியற்காலையில் நடவுக்குப் போகிறவர்கள். ஒரு நாள் காவல் நிலையத்தில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. வேலை கொடுக்கும் மிராசுதார் ஆசிரியருக்கு நண்பராகவும் இருப்பார். இந்த நிலையில் எழுதப்படும் சமரசத்தில் இரண்டு பக்கமும் சமம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாக்கிறது. ஆண் பிள்ளைகளும் இதில் அடங்குவர். இதை அழுத்திச் சொல்லக் காரணம், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையனுக்கு நேர்ந்தால் நாம் அதைக் குற்றமாகவே எண்ணுவதில்லை என்பதுதான். செய்தவரைத் தண்டிப்பதோடு இச்சட்டம் நிற்கவில்லை. தெரிந்தவரையும் கேள்வி கேட்கிறது. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலும், காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது.

நம் மறைமாவட்டப் பள்ளிகள் பலவற்றில் பங்குத்தந்தையர்தாம் தாளாளர்கள். அப்படியானால் நிறுவனப் பொறுப்பாளர் என்று சட்டம் சொல்வது நம்மையும்தான். இங்கே ஒரு ஐயம் எழலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன் இரகசியம் வேறு. பங்குத்தந்தை இல்லத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, காபி கொடுத்துக் கேட்ட விஷயம் வேறு. பின்னதற்கு எந்த அருட்சாதன முத்திரையும் கிடையாது.

இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் கோவையில் ஒரு தனியார் பள்ளி மாணவி தற்கொலை செய்துகொண்டபோது, ஆசிரியரோடு, தெரிந்தும் புகார் தெரிவிக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைது செய்யப்பட்டார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளைத் துன்புறுத்திய வழக்கிலும் முதல்வரும் தாளாளரும் கைதாயினர். மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதியின் பழங்குடிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், அவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று 2019-இல் குற்றம் சாட்டப்பட்டார். அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று கூறி அவ்வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது.

கடமையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பகுதியில், அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் மூவர் 13 வயது மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றச்சாட்டில் கைதானார்கள். அது வெளியே வந்ததற்குக் காரணம், பல நாட்களாகப் பிள்ளை பள்ளிக்கு வராததைக் கண்டு தலைமை ஆசிரியர் விசாரித்ததுதான். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் ஒரு 'ஆப்சென்ட்', ஒருவர் அக்கறையோடு பார்த்தால் இவ்வளவு சொல்லும்.

நம்மிடையே இன்னொரு பழக்கம் உண்டு: இடமாற்றம். புகார் வந்த ஆசிரியரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறோம். தீர்ந்தது நம் ஊருக்கு. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் துன்பம் பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். குற்றம் உறுதியானால் பணிநீக்கமும் கல்விச் சான்றிதழ் ரத்தும் என்று 2012 மே மாதமே தமிழக அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. இந்த விஷயத்தில் ஊராரைக் குறை சொல்லும் முன் திருச்சபையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில், குற்றம் செய்த குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக்கொண்டே இருந்தது 2002-இல் அம்பலமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அதன் கர்தினால் பதவி விலகினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் பிறப்பித்த சட்டம், குருக்களும் துறவியரும் தாங்கள் அறிந்ததைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. நாட்டுச் சட்டத்தின் கடமைகள் அதனால் குறையாது என்றும் சொல்கிறது. 2023-இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. இந்தப் பாடத்தை நாம் கற்க எத்தனையோ பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நம் ஞாயிறு வாசகங்களில் வராத பகுதி அது. தாவீதின் மகள் தாமாரை அவளுடைய மாற்றாந்தாய் மகன் அம்னோன் சீரழிக்கிறான். உடன்பிறந்த அண்ணன் அப்சலோம், அவன் உன் சகோதரன்தானே, பேசாமல் இரு என்கிறான். எல்லாவற்றையும் கேள்விப்பட்ட தாவீது கடுங்கோபம் கொள்கிறார். கோபப்பட்டதோடு சரி, அரசராகவும் தந்தையாகவும் இருந்தும் ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் வாழ்விழந்து கிடக்கிறாள். மௌனம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியதா என்றால் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அம்னோன் கொலையுண்டான். நாடே கலகத்தில் விழுந்தது.

சில ஆசிரியர்கள் வேறொரு அச்சத்தைச் சொல்கிறார்கள். வகுப்பில் கண்டித்தால் பொய்ப்புகார் கொடுத்துவிடுவார்களே என்கிறார்கள். இந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் அதற்கு மருந்தும் முறையான விசாரணைதான். தானியேல் நூலில் சூசன்னாவைக் குற்றம் சாட்டிய இரண்டு முதியவர்களையும் தானியேல் தனித்தனியே நிறுத்திக் கேட்டார். பொய் வெளிப்பட்டது. திண்ணைப் பஞ்சாயத்தில் அது நடக்காது. அங்கே குற்றவாளி தப்பிக்கிறான், குற்றமற்றவருக்கோ பெயர் கெட்டுப்போய் விடுகிறது.

பெண் ஆசிரியர்களும் இந்தப் பாதுகாப்புக்கு உரியவர்களே. 2024 நவம்பர் 20 அன்று நம் தஞ்சை மாவட்டத்தின் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், தற்காலிகப் பணியில் இருந்த இளம் ஆசிரியை ஒருவர் பள்ளி வளாகத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். திருமணத்துக்கு மறுத்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. சுற்றுச்சுவர், காவலாளி என்று பேசினோம். அவையும் தேவைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதை நம் பையன்களுக்கு எந்த வயதில் சொல்லப் போகிறோம்?

பள்ளிக்குள் நடக்கும் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பள்ளியும் அதில் பணியிடமே. தற்காலிகப் பணியாளர், தினக்கூலிக்குத் துப்புரவு செய்பவர் எல்லாரும் அதில் அடங்குவர். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய பள்ளிகளில் தனிக் குழு இருக்காது. நம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இப்படித்தான். அங்கிருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் செல்லலாம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அனுமதிக்கலாம்.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்யும் தொல்லையையும் 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடுகிறோம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஓர் அரசுப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சக மாணவனின் தொல்லையைப் பற்றிப் பல மாதங்கள் முறையிட்டும் பள்ளி அசையவில்லை. கல்வியில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று அந்நாடு 1972-இல் இயற்றிய சட்டத்தின்படி, தெரிந்தும் வேண்டுமென்றே கண்டுகொள்ளாத பள்ளி நிர்வாகம் இழப்பீடு தரக் கடமைப்படலாம் என்று 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொல்லைக்குப் பயந்து ஒரு சிறுமி வகுப்புக்குப் போகாமல் நின்றால் அவளுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது என்பதே அதன் அடிப்படை. நம் ஊரில் இதை இன்னும் எளிதாகச் செய்துவிடுகிறோம். தொல்லை கொடுத்தவன் பள்ளிக்குப் போகிறான், பட்டவளை வீட்டில் நிறுத்திவிடுகிறோம்.

ஆகவே பங்கில் என்ன செய்யலாம்? அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அன்பியக் கூட்டங்களுக்கு வரும் தாய்மார் அந்தக் கூட்டத்துக்கும் போய், 1098, 14417 ஆகிய உதவி எண்கள் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கின்றனவா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியைத் திறப்பவர் யார் என்று கேட்கலாம். புகாருக்கு உள்ளாகக்கூடியவர் கையிலேயே சாவி இருந்தால் அந்தப் பெட்டி எதற்கு?

புகார் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், பிள்ளையை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும் என்றும், பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது என்றும், இயன்றவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும், இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக்கூடாது என்றும் போக்சோ சட்டம் சொல்கிறது. பிள்ளையின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது. இதை மறையுரையிலும் அன்பியத்திலும் சொல்லி வையுங்கள், பெயர் கெட்டுவிடும் என்ற பயம் பாதி குறையும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் நோயாளிகளோடு மருத்துவமனைக்குத் துணை போகிறார்கள். அதேபோல் இப்படிப்பட்ட ஒரு தாயோடு குழந்தைகள் நலக் குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் துணை போக இரண்டு பேரை நம் பங்கில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களின் பேருந்துச் செலவையும், நடவுக்குப் போகாமல் அவள் இழக்கும் கூலியையும் பங்குப் பேரவை கொடுத்துவிடலாம்.